கட்டுப்படுத்தியின் செய்முறையைக் காட்சி கேட்குமாறு

இணையத்தில் ஒரு பக்கத்தைக் கேட்பவர் ஒருவரே. அதனை ஆக்கித் தரும் நிரலோ பல கூறுகளாகப் பகுக்கப்பட்டது. கேட்பவருடைய வேண்டுகோளை ஏற்பது ஒரு கூறு. வேண்டிய தரவை வைத்துக் காப்பது இன்னொரு கூறு. கிடைத்ததைக் கண்ணுக்குப் புலப்படும் பக்கமாக அமைப்பது மற்றொரு கூறு. இவை ஒன்றன் தொழிலில் மற்றொன்று புகாதிருத்தல் வேண்டும் என்பது நிரலாக்கத் துறையார் பெரிதும் வற்புறுத்தும் கொள்கை. ஆயின், பிரித்து வைத்த பின்னரும் ஒரு கூறு அறிந்ததனை மற்றொன்று அறியவேண்டிய தேவை ஒழிவதில்லை. கட்டுப்படுத்தி அறிந்ததைக் காட்சி யாங்ஙனம் கேட்டறியும் என்பதே ஈண்டு விளக்கப்படும் பொருள். வினா சிறிதாகத் தோன்றினும், ஒரு மாணவனுடைய பரீட்சைப் புள்ளிகளைப் பிறர் காண்பதும் காணாமையும் அதன் விடையைப் பற்றி நிற்றல் கூடும்.

இப்பகுப்பை முதன்முதலில் வகுத்தவர் நோர்வே நாட்டவரான திறிக்வே ரீன்ஸ்கோக் என்பவர். அவர் 1978 ஆம் ஆண்டிலும் அதனை அடுத்த ஆண்டிலும் கலிபோர்னியாவிலுள்ள செறொக்ஸ் ஆய்வு நிலையத்திற் பணிபுரிந்தபோது, ஸ்மோல்டோக் என்னும் மொழியை முன்வைத்து இதனை ஆராய்ந்தார். 1979 மே மாதத்தில் அவர் எழுதிய குறிப்பில் பெயர்கள் வேறாயிருந்தன. அவ்வாண்டு திசெம்பர் மாதக் குறிப்பிலேயே மாதிரியம், காட்சி, கட்டுப்படுத்தி என்னும் மூன்றும் இன்று வழங்கும் வடிவிற் காணப்படுகின்றன. அக்காலத்தில் இணையப் பக்கம் என்பதொன்று இல்லை. விசைப்பலகையிலும் சுட்டியிலும் மனிதன் செய்வதை வாங்கி மற்றையவற்றுக்கு உரைப்பதே அன்றைய கட்டுப்படுத்தியின் தொழில். பத்தாண்டுகளின் பின் இணையம் தோன்றிய பொழுது பெயர்கள் அப்படியே நிற்க, தொழில் சற்றே மாறிற்று. இற்றைநாட் கட்டுப்படுத்தி உலாவியிலிருந்து வரும் வேண்டுகோளை ஏற்று, வந்திருப்பவர் இன்னார் எனத் தெரிந்து, மாதிரியத்திடம் தரவைப் பெற்று, ஏற்றதொரு காட்சியைத் தேர்ந்து அதனிடம் ஒப்படைக்கின்றது.

இத்தகைய சட்டகங்களுட் பெயர் பெற்றது றூபி ஒன் றெயில்ஸ். யப்பானியரான யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995 ஆம் ஆண்டில் வெளியிட்ட றூபி மொழியில், டென்மார்க்கினரான டேவிட் ஹைன்மையர் ஹான்சன் தாம் ஆக்கிய பேஸ்காம்ப் என்னும் செயலியினின்றும் பிரித்தெடுத்து, 2004 ஆம் ஆண்டில் உலகுக்கு வழங்கியது அது. றெயில்ஸில் கட்டுப்படுத்தி என்பது ஒரு வகுப்பு. வேண்டுகோள் ஒன்று வருந்தோறும் அவ்வகுப்பினின்றும் புதிதாக ஒரு பொருள் ஆக்கப்பட்டு, அவ்வேண்டுகோள் முடிந்ததும் கைவிடப்படுகின்றது. காட்சி என்பதோ ஓர் அச்சுப் படிவம் போல்வது. ஆங்காங்கே வெற்றிடங்கள் விடப்பட்டு, அவ்விடங்களில் நிரப்பவேண்டியன றூபி மொழியில் எழுதப்பட்டிருக்கும். அப்படிவம் கட்டுப்படுத்திப் பொருளினுள் இயங்குவதில்லை. காட்சிக்கெனத் தனியே ஆக்கப்பட்ட வேறொரு பொருளினுள்ளேயே இயங்குகின்றது.

இவ்வேறுபாட்டை அறியாதார் படும் இடர் பெரிது. ‘@’ என்னும் குறியைத் தலையிற் கொண்ட மாறிகளைக் கட்டுப்படுத்தியிற் குறித்துவைப்பின், அவை காட்சியிலும் கிடைக்கின்றன. எனவே இரண்டும் ஒரே இடம் என்று பயில்வோர் எண்ணிவிடுகின்றனர். பின்னர்க் கட்டுப்படுத்தியில் எழுதிய செய்முறையொன்றை, அதாவது மெதட் எனப்படுவதை, காட்சியிற் பெயர் சொல்லி அழைக்கும்போது, ‘அப்பெயருடையது எதுவும் இல்லை’ என்று நிரல் மறுக்கின்றது. உண்மை யாதெனின், மாறிகளின் மதிப்புகளைப் படிவம் இயங்குமுன் றெயில்ஸ் தானே ஒவ்வொன்றாகப் படியெடுத்துக் காட்சிப் பொருளினிடம் சேர்ப்பிக்கின்றது. செய்முறைகளை அது அவ்வாறு எடுத்துச் செல்வதில்லை. மதிப்பு என்பது கொண்டு சென்று கொடுக்கத்தக்கது. செய்முறையோ தன் பொருளோடு ஒட்டியிருப்பது.

ஓர் எடுத்துக்காட்டுக் கொண்டு இதனை நோக்கலாம். கண்டி நகருக்கு வடக்கே மகாவலிக் கரையில் உள்ளது கட்டுகஸ்தோட்டை. யாழ்ப்பாண வீதி மாத்தளையை நோக்கிச் செல்வதும், குருநாகல் வழியே புத்தளம் போகும் வீதி கிளைப்பதும் அவ்விடத்திலேயாம். அங்கே ஒரு பாடசாலை தன் தவணைப் பரீட்சைப் புள்ளிகளை இணையச் செயலியொன்றிற் பதிந்துவைப்பதாகக் கொள்க. வகுப்பாசிரியர் தம் வகுப்பினர் அனைவருடைய புள்ளிகளையும் பார்க்கலாம், திருத்தலாம். மாணவன் தன் தேர்ச்சி அறிக்கையை மட்டும் பார்க்கலாம். பெற்றோர் தம் பிள்ளையினதை மட்டும் பார்க்கலாம். இந்நிலையில் ‘வந்திருப்பவர் யார்?’ என்னும் வினா இரு கரைகளிலும் எழுகின்றது. கட்டுப்படுத்தி, புள்ளியைத் திருத்த வந்த வேண்டுகோளை ஏற்பதா மறுப்பதா என்று துணிதற்கு அதனைக் கேட்கின்றது. காட்சி, பக்கத்தின் மேலே அவர் பெயரை எழுதுதற்கும், ‘திருத்துக’ என்னும் இணைப்பைக் காட்டுவதா விடுவதா என்று முடிவு செய்தற்கும் அதனையே கேட்கின்றது.

இருகரையினர்க்கும் ஒரே விடை கிடைக்கச் செய்யும் வழிகளுள் முதலாவது, அவ்வினாவை இரண்டிடத்தும் எழுதிவைத்தல். அது எளிது, அதனாலேயே பலரும் செய்கின்றனர். ஆண்டிறுதியில் அதிபர் ‘விடுமுறையிலுள்ள ஆசிரியர் புள்ளிகளைத் திருத்தல் ஆகாது’ என்று விதியை மாற்றுவாராயின், ஓரிடத்தில் மாற்றி மற்றோரிடத்தில் மறந்துவிடுதல் இயல்பு. அப்போது காட்சி ஒன்று கூறக் கட்டுப்படுத்தி வேறொன்று செய்யும்.

இரண்டாம் வழி, ஒவ்வொரு செயலிலும் ‘@’ மாறியொன்றில் விடையை இட்டுக் காட்சிக்கு அனுப்புதல். இதன் குறை ஆழமானது. றூபி மொழியில், எவரும் மதிப்பிடாத ‘@’ மாறியைக் கேட்டால் பிழை என்று நிரல் நிற்பதில்லை. ‘ஒன்றுமில்லை’ என்னும் மதிப்பைத் தந்துவிட்டு மேலே செல்கின்றது. ‘வந்திருப்பவர் மாணவராயின் பிறர் புள்ளிகளை மறைக்க’ என்று படிவத்தில் எழுதியிருக்க, புதிதாய்ச் சேர்த்த ஒரு செயலில் அம்மாறியை இடுவதற்கு நிரலாளர் மறந்தார் எனின், ‘மாணவர் அல்லர்’ என்றே காட்சி கொள்ளும். மறைக்கவேண்டியது மறையாது, ஒருவரும் அறியார், ஒரு பிள்ளையின் குறைந்த புள்ளி வகுப்பினர் வாயில் வந்தபின்னரே தெரியவரும். பெயர் தெரியாத செய்முறையை அழைத்தாலோ நிரல் உடனே பிழை கூறி நின்றுவிடும். பேசாது தவறுவதினும் கூவி நிற்பது நன்று.

மூன்றாவது, காட்சிக்கு உதவும் சிறு செய்முறைகளை வைத்தற்கென றெயில்ஸ் வகுத்துள்ள தனித் தொகுதியில் அதனை எழுதுதல். ஆங்கு எழுதுவன காட்சிக்கு உரியன. கட்டுப்படுத்தி அவற்றை நேரே அழைத்தல் இயலாது. ஆதலின் இதுவும் ஒரு கரையிலேயே நின்றுவிடுகின்றது.

இனி, றெயில்ஸ் தரும் வழி. செய்முறையைக் கட்டுப்படுத்தியில் ஒருமுறை எழுதி, அவ்வகுப்பின் தலைப்பகுதியில் ‘ஹெல்ப்பர் மெதட்’ என்னும் கட்டளையையும் அதனை அடுத்துச் செய்முறையின் பெயரையும் ஒரு வரியில் இட்டால் அமையும். பெயர் ஆங்கிலத்தில்தான் இருத்தல் வேண்டும் என்பதில்லை. 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த றூபி இரண்டாம் பதிப்பு முதல் ஒருங்குறி எழுத்துக்கள் இயல்பாகவே ஏற்கப்படுவதால், ‘வந்திருப்பவர்’ என்று தமிழிலேயே செய்முறைக்குப் பெயரிடலாம். பயில்வோர்க்கு இஃது ஓர் ஊக்கமாகும்; ஆயினும் பல மொழியினர் கூடிச் செய்யும் பணியில் இவ்வாறு எழுதுவார் அரியர்.

அந்த ஒரு வரி செய்வது யாது? செய்முறையை அது காட்சிக்குள் இடம் மாற்றுவதுமில்லை, படியெடுப்பதுமில்லை. காட்சியின் உதவித் தொகுதியில் அதே பெயருடைய சிறியதொரு செய்முறையை அது எழுதி வைக்கின்றது. அச்சிறு செய்முறை தானாக ஒன்றும் அறியாது. காட்சி அதனைக் கேட்டதும், கேட்டதை அப்படியே கட்டுப்படுத்திப் பொருளுக்குத் தெரிவித்து, அது கூறும் விடையை மீளக் கொணர்ந்து தருகின்றது. வினாவோடு உடன்செல்லும் அளபுருக்கள் இருப்பின் அவற்றையும் கொண்டு செல்லும். கட்டுகஸ்தோட்டை என்னும் பெயரின் ஈற்றிலுள்ள ‘தொட்ட’ என்னும் சிங்களச் சொல் ஆற்றுத்துறையைக் குறிக்கும். பாலம் இல்லாத நாளில் துறையிலே தோணிக்காரன் செய்த தொழிலையே இதுவும் செய்கின்றது. செய்தி கடக்கின்றது, வீடு பெயர்வதில்லை.

இவ்வமைப்பினின்றும் இரண்டு பயன்கள் பெறப்படும். செய்முறை எல்லாக் கட்டுப்படுத்திகளுக்கும் தாயான வகுப்பிலே அறிவிக்கப்படின், அதனின்றும் பிறக்கும் அனைத்துக்கும் அது உரியதாகின்றது. அன்றியும், பெற்றோர் பகுதிக்கெனத் தனியே அமைந்த கட்டுப்படுத்தி அதே பெயரில் வேறொரு விடை தருமாறு எழுதப்பட்டிருந்தால், அப்பகுதியின் காட்சிகள் அப்புதிய விடையையே பெறும். கேட்கப்படுவது அவ்வேளையில் வேண்டுகோளை ஏற்றுநிற்கும் பொருளாதலின் இவ்வாறு நிகழ்கின்றது. காட்சியில் ஓர் எழுத்தும் மாற்றவேண்டா.

மற்றொன்று பெரிதும் கருதத்தக்கது. கட்டுப்படுத்தியில் வெளிப்படையாக விடப்பட்ட செய்முறை ஒவ்வொன்றையும் றெயில்ஸ் ஒரு ‘செயல்’ என்றே கொள்ளும். அதாவது, வழியொன்று அமைந்திருப்பின், வெளியார் ஒருவர் முகவரியைத் தட்டெழுதி அதனை இயக்கலாம். றெயில்ஸின் தொடக்கப் பதிப்புகளில், கட்டுப்படுத்தியின் பெயரையும் செயலின் பெயரையும் முகவரியிற் கண்டு எதனையும் அழைக்கும் பொதுவழி முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்தது. அந்நாளில் உதவிக்காக எழுதிய செய்முறை வெளியார் கைக்கும் எட்டியது. 2010 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் அவ்வழி இயல்பாகத் திறந்திருப்பது நிறுத்தப்பட்டது. எனினும் பகிரப்படும் செய்முறைகளைத் தனியுரிமை உடையன என்று குறித்து வைத்தலே தக்கது. தனியுரிமை என்று குறித்தபின் காட்சியும் அழைக்க இயலாதே எனின், அவ்வாறன்று. மேற்கூறிய சிறு செய்முறை கட்டுப்படுத்தியை அழைக்கும் முறை, தனியுரிமைத் தடையைக் கடந்து செல்லும் முறையாகும். வெளியார்க்குக் கதவு மூடியிருக்கக் காட்சிக்கு மட்டும் திறந்திருக்கும்.

காட்சி ஒரே பக்கத்தில் ‘வந்திருப்பவர்’ யாரெனப் பத்து முறை கேட்கலாம். ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்துக்குச் சென்று தேடுவது வீண். ஆதலின், முதன்முறை கிடைத்த விடையை ‘@’ மாறியொன்றில் இட்டு, அடுத்த முறை அதனையே தருமாறு எழுதுவர். இரண்டு நிலைக்கோடுகளும் ஒரு சமக்குறியும் சேர்ந்த குறியீடு இதற்கு உதவுகின்றது. ‘ஏற்கனவே மதிப்பு உண்டாயின் அதனைத் தருக, இன்றேல் கண்டறிந்து இடுக’ என்பது அதன் பொருள். ஒருவரும் உட்புகாத பொழுது விடை ‘ஒன்றுமில்லை’ ஆதலின், இக்குறியீடு அதனை விடையாகவே கொள்ளாது மீண்டும் மீண்டும் தேடும். இதனை விரும்பாதார், முன்னரே தேடியாயிற்றா என்பதனைத் தனியே குறித்துக்கொள்வர்.

ஈண்டு ஓர் எழுத்தின் பிழை பெருங்கேடு விளைப்பது காண்க. ஒற்றை ‘@’ குறியுடைய மாறி அவ்வொரு பொருளுக்கே உரியது. வேண்டுகோள் முடிய அப்பொருளோடு அதுவும் அழியும். இரட்டை ‘@’ குறியுடைய மாறியோ வகுப்பு முழுவதற்கும் உரியது. சேவையகத்தின் இயக்கம் ஓடிக்கொண்டிருக்கும்வரை நிலைத்திருக்கும். நினைவில் வைக்கும் இடத்தில் ஒன்றுக்கு இரண்டாக அக்குறியை இட்டுவிட்டால், காலையில் முதலில் உட்புகுந்த மாணவனே அதன்பின் வருவார் அனைவர்க்கும் ‘வந்திருப்பவர்’ ஆகிவிடுவான். அவனுடைய தேர்ச்சி அறிக்கையை வேறு வீட்டார் தம் பிள்ளையினது என்று படிப்பர். நிரலாளர் தம் கணினியில் தாம் ஒருவராக இருந்து பரீட்சிக்கும்போது இப்பிழை தோன்றவே தோன்றாது. இருவர் வந்தபின்னரே வெளிப்படும்.

எச்செய்முறைகளைப் பகிரலாம் என்பது அடுத்த வினா. வேண்டுகோளைப் பற்றிக் கேட்டதற்கு விடை கூறுவன பகிரத்தக்கன: வந்திருப்பவர் யார், இவர் இதனைத் திருத்தலாமா, இப்போது எத்தவணை பார்வையில் உள்ளது என்பன போல்வன. ஒன்றை மாற்றும் செய்முறைகள், புள்ளியைப் பதிவது போல்வன, காட்சியின் கைக்கு வருதல் தகாது. பக்கத்தை வரையும்போதே தரவு மாறுமாயின் எதனை யார் மாற்றினார் என்று காண்பதரிது. திகதியை எழுதும் முறை, புள்ளியைத் தரமாகக் காட்டும் முறை என்பன காட்சிக்கே உரியன. அவற்றைக் கட்டுப்படுத்தியில் எழுதிப் பின் பகிர்வது சுற்றுவழி. மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாகி, ஆங்கிலம் இணைப்பு மொழியான இந்நாட்டில், பக்கம் எம்மொழியிலானது என்பதை இருகரையும் அறிதல் வேண்டும். ஆயின் அதற்கென றெயில்ஸ் ஒரு பொதுவிடம் வைத்திருப்பதால் இவ்வழி அதற்கு வேண்டுவதில்லை. பகிர்வன மூன்று நான்குக்கு மேற்படின், கட்டுப்படுத்தி தன் வேலையோடு பிறர் வேலையையும் சுமக்கின்றது என்று ஐயுறலாம்.

பகிர்ந்த செய்முறை கட்டுப்படுத்தி உள்ள இடத்திலேயே பயன்படும். பெற்றோர்க்கு மின்னஞ்சலில் தேர்ச்சி அறிக்கை அனுப்பும்போது அங்கே அக்கட்டுப்படுத்தி இல்லை. பக்கத்துக்கென எழுதிய படிவத்துண்டை மின்னஞ்சலுக்கும் பயன்படுத்தினால், ‘வந்திருப்பவர்’ என்னும் பெயர் அறியப்படாது நிரல் நிற்கும். அத்தகைய துண்டுகளுக்கு வேண்டியதை நேரே கொடுத்துவிடுதலே நேரிது.

இதே வினாவுக்கு வேறொரு விடை தந்த செயலியொன்று இலங்கையிலேயே வேர்கொண்டது. 2004 திசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரங்களை அழித்தபோது, காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், வேண்டப்படும் பொருள்கள் என்பவற்றைப் பதிந்துவைத்தற்கு இந்நாட்டுக் கணினித் துறையினர் தொண்டராய்க் கூடிச் சில நாட்களுக்குள் ஆக்கியது ‘சகனா’. துயர்துடைப்பு என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். முதலில் பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்ட அது, 2006 ஆம் ஆண்டுக்கெனக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகநலனுக்கு வழங்கிய விருதைப் பெற்றது. பின்னர் பைதன் மொழியில் ‘ஈடன்’ என்னும் பெயருடன் மீள எழுதப்பட்டது. அவ்வீடன் நிற்பது, சிக்காகோவிலுள்ள டிபோல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாசிமோ டி பியெறோ 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட வெப்-டு-பை என்னும் சட்டகத்தின்மேல்.

வெப்-டு-பையில் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் முதலில் மாதிரியக் கோப்புகள் இயங்குகின்றன. அவற்றிற் பெயரிடப்பட்டன யாவும் கட்டுப்படுத்திக்கும் காட்சிக்கும் ஒருங்கே புலனாகும். காட்சிக்குரிய சூழல் மாதிரியங்கள் இயங்கிய பின்னரும் கட்டுப்படுத்தி இயங்குமுன்னரும் படியெடுத்து வைக்கப்படுகின்றது. அதனால் கட்டுப்படுத்தியில் எழுதிய செயற்கூறு எதனையும் காட்சி அறியாது. கட்டுப்படுத்தி தன் முடிவில் அகராதி வடிவிலே திருப்பித் தருவன மட்டும் அச்சூழலோடு சேர்க்கப்படும். செயற்கூறு ஒன்றையே அவ்வகராதியில் ஒரு மதிப்பாக இட்டு அனுப்பவும் பைதன் இடந்தரும். அனுமதி பற்றிய பொருள் வழக்கமாக மாதிரியக் கோப்பிலேயே ஆக்கப்படுவதால், இருகரையும் அதனிடமே கேட்கின்றன. றெயில்ஸில் பெயர் சொல்லிப் பகிர்கின்றனர். இங்கே வைக்கும் இடத்தாற் பகிர்கின்றனர். பின்னையது எழுதுவார்க்கு எளிது. ஆனால் எப்பெயர் எங்கிருந்து வந்தது என்று படிப்பார் தேடவேண்டியிருக்கும். பலர் கைமாறித் திருத்தும் செயலிக்குப் பெயர் சொல்லும் முறையே பாங்கானது எனத் தோன்றுகின்றது.

வெளியார்க்குத் திறந்திருப்பது எது என்பதிலும் அதன் விதி வேறு. அளபுரு ஏதும் வேண்டாத செயற்கூறு ஒவ்வொன்றும் முகவரியால் அழைக்கத்தக்கது. அளபுரு வேண்டுவதும், பெயரின் தொடக்கத்தில் இரண்டு அடிக்கோடுகள் உடையதும் அழைக்கப்படா. காணாமற்போன குழந்தைகளின் பதிவை வைத்திருக்கும் செயலியில், உள்வேலைக்கென எழுதிய செயற்கூறொன்று அளபுரு இன்றி, அடிக்கோடுகளும் இன்றி நின்றுவிட்டால், யாரும் கேட்கலாம் என்று அதனைத் திறந்துவிட்டதாகவே பொருள். பெற்றோரைப் பிரிந்த குழந்தை எம்முகாமில் உள்ளது என்பதனை யார் அறியலாம் என்பது அந்நேரத்தில் உயிர்ப்பிரச்சினை.

எச்சட்டகமாயினும், காட்சி ஓர் இணைப்பை மறைப்பது தடையாகாது. ‘திருத்துக’ என்னும் இணைப்பு கண்ணுக்குப் புலப்படாவிடினும், அது சுட்டும் முகவரியை அறிந்த மாணவன் தட்டெழுதி அனுப்பலாம். தடுக்கவேண்டியது கட்டுப்படுத்தியே. ‘இவர் திருத்தலாமா?’ என்னும் ஒரே செய்முறையை, தடுப்பதற்குக் கட்டுப்படுத்தியும் மறைப்பதற்குக் காட்சியும் கேட்குமாறு செய்வதிலேயே பகிர்தலின் பயன் முழுதும் விளங்கும். விடுமுறையிலுள்ள ஆசிரியர் பற்றிய விதி மாறினால், அவ்வோரிடத்தில் மாற்ற இருகரையிலும் மாறும்.

இதற்கு எதிர்வழியும் உண்டு. காட்சியின் உதவித் தொகுதியிலுள்ள செய்முறையைக் கட்டுப்படுத்தி வேண்டும் நேரங்கள் சில. புள்ளி பதியப்பட்டதும் ‘இன்ன பாடத்தில் இன்ன தரம்’ என்று அறிவிப்பு எழுதுவது அவற்றுள் ஒன்று. முன்னெல்லாம் அதன்பொருட்டு அத்தொகுதி முழுவதையும் கட்டுப்படுத்தியினுள் சேர்ப்பாரும் இருந்தனர். அங்ஙனம் சேர்த்தால் அதன் செய்முறைகள் யாவும் செயல்களாக எண்ணப்பட்டுவிடும். 2016 ஆம் ஆண்டில் வெளிவந்த றெயில்ஸ் ஐந்தாம் பதிப்பில், ‘ஹெல்ப்பர்ஸ்’ என்னும் பெயரால் அத்தொகுதியை எட்ட நின்றே அழைக்கும் வழி தரப்பட்டது.